சத்தம் போடாத கதவு

தள்ளினால் முதலில் முனகும். பிறகு பல்லைக் கடிக்கும். பாதி வழியில் அடம்பிடித்து நின்றுவிடும். இடுப்பைக் கொடுத்துத் தள்ளினால்தான் மிச்சம் நகரும். அப்போது எழும் கிரீச்சுக்கு மதில் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கை பறந்துவிடும்.

கூடத்துக்கும் பின்முற்றத்துக்கும் நடுவில் இருந்த கண்ணாடிக் கதவு அது. பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. வீட்டை வாங்கியபோதே அதற்கு வயதாகியிருந்தது.

அன்று காலையும் அவள் ஈரத்துணி வாளியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். கிரீச். முற்றத்தில் கால் வைத்தாள். மதிலுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

டொக். டொக்.

"வந்துட்டாருப்பா" என்றான் கணவன், வாய் நிறைய நுரையோடு. "நமக்கு விடியுதோ இல்லையோ, அவருக்கு விடிஞ்சுடுது."

"மெதுவாத்தான் தள்ளினேன்."

"நீ பூ மாதிரி தள்ளினாலும் அது கழுதை மாதிரிதான் கத்தும். அவருக்கு அது போதும்."

அவள் துணியை உதறினாள். உதறியதற்குப் பதில் இல்லை. கதவுக்கு மட்டும்தான் பதில்.

பின்வீட்டுக்காரரை அவர்கள் பார்த்ததே இல்லை. இரண்டு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டியவை. இவர்கள் வாசல் இந்தத் தெருவில். அவர் வாசல் அடுத்த தெருவில். நடுவில் ஆளுயர மதில். மதிலுக்கு மேல் தெரிவது ஒரு ஜன்னலின் மேல்பாதி, எப்போதும் மூடியிருக்கும் திரை, மூடி விரிசல் விட்ட நீலத் தண்ணீர்த்தொட்டி. அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தட்டுகிற திமிரை வைத்து ஆண் என்று கணவன் முடிவு செய்திருந்தான். பெயரும் வைத்திருந்தான். டொக்டொக்கார்.

எதனால் தட்டுகிறார் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கைத்தடி என்றான் அவன். சுத்தியலின் கட்டை என்றாள் அவள். சத்தங்களை நிதானிப்பதுதான் அவள் வேலை. காது பரிசோதனை மையத்தில், பஞ்சு பதித்த சுவர்களுக்கு நடுவில், பிறர் காதில் சின்னச் சின்ன ஓசைகளை விட்டுப் பார்ப்பவள். ஆனாலும் இந்த டொக் அவளுக்குப் பிடிபடவில்லை. உலோகம் இல்லை. கல் இல்லை. உள்ளே வெற்றிடம் உள்ள எதன் மேலோ படுகிற ஓசை.

"ஒருநாள் போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்று அவள் ஆரம்பத்தில் சொன்னதுண்டு.

"போய்? 'வணக்கம் சார், உங்களை எரிச்சல் பண்றது நாங்கதான்'னு அறிமுகம் பண்ணிக்கவா?"

அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

ஒருமுறை அவன் பொறுமையிழந்து மதிலைப் பார்த்துக் கத்தினான். "கதவு இறுகிப் போச்சு சார்! நாங்க என்ன வேணும்னா பண்றோம்?"

ஒரே ஒரு டொக் வந்தது. வழக்கமான இரண்டு இல்லை.

"பாத்தியா? வாயை மூடுங்கறான்!"

அன்று அவனுக்கு வேலையில் மோசமான நாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுவதும் தன் உயிரை அடுத்தவர் காலடியில் வைத்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலாவது ஜெயிக்க வேண்டியிருந்தது. கதவைப் பிடித்தான். திறந்தான், மூடினான், திறந்தான், மூடினான். கிரீச் கிரீச் என்று தெருவே கேட்கும்படி. ஒவ்வொன்றுக்கும் அப்பாலிருந்து டொக்டொக் விழுந்தது. இவன் வேகம் கூட்டினால் அதுவும் கூடியது. கடைசியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது இவன்தான்.

"வீட்டை வித்துட்டுப் போயிடலாம்" என்றான்.

அவள் அதை விளையாட்டுப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த வாரமே ஒரு தரகர் தொலைபேசியில் கூப்பிட்டார். இந்த வீட்டை அவள் அந்தப் பின்முற்றத்துக்காகத்தான் விரும்பி வாங்கவைத்தாள். பஞ்சு அறையிலிருந்து வருகிறவளுக்குக் கொஞ்சம் வானம் வேண்டும். இப்போது முற்றத்துக்குப் போவதென்றாலே கதவைத் தொடும்முன் தோள் இறுகியது. தன் வீட்டுக்குள் திருடியைப் போல நடக்க வேண்டியிருந்தது.

"வீட்டை மாத்த வேணாம்" என்றாள். "கதவை மாத்தலாம். சத்தமே போடாத கதவு. அப்புறம் எதுக்குத் தட்டுவாராம்?"

கணவன் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு மலர்ச்சி. "ஆமா. தட்டுறதுக்கே வழியில்லாம பண்ணிடணும்."

கதவுக்காரர் வந்தார். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். பழைய கண்ணாடிப் பலகையை மேல்சட்டத்துக்குள் ஏற்றித் தூக்கி, அடியை வெளியே இழுத்து, கணவனையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிச் சுவரில் சாய்த்தார். அடியில் இருந்த சக்கரங்களைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இங்க பாருங்கம்மா. வட்டமா போட்டிருப்பான். உங்க வீட்டுக்கு வந்து சதுரமாயிருச்சு."

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே சதுரம்தான்" என்றான் கணவன்.

"எல்லாரும் இதையேதான் சார் சொல்வாங்க."

சுவரோடு பிடித்திருந்த சட்டத்தின் திருகாணிகள் துருவேறி அசையவில்லை. உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். டங், டங், டங்.

டொக், டொக், டொக்.

கதவுக்காரர் கையை நிறுத்தினார். "யாருங்க அது? எனக்குத் தெரியாம இன்னொரு ஆளை வேலைக்கு வச்சிருக்கீங்களா?"

"எங்களுக்கு வாய்ச்ச புண்ணியவான்" என்றான் கணவன். "எந்தச் சத்தமும் ஆகாது அவருக்கு. இது கூடுதல் சத்தம்ல, கூடுதலா தட்டுறாரு. கண்டுக்காதீங்க."

கதவுக்காரருக்குக் குறும்பு வந்துவிட்டது. ஒன்று அடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்று வந்தது. படபடவென்று நாலு அடித்தார். நாலு வந்தது. ஆனால் நாலாவது கொஞ்சம் பிந்தி, லேசாக விழுந்தது.

அவள் அதைக் கவனித்தாள். கோபத்தில் தட்டுகிறவன் கடைசித் தட்டைத்தானே ஓங்கித் தட்டுவான்? இது களைத்த கையின் தட்டு. ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கதவுக்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் சமையலறைக்குப் போனாள். நினைப்பும் எங்கோ போய்விட்டது.

மாலைக்குள் புதுச்சட்டம் ஏறியது. ரசமட்டம் வைத்துச் சரிவு பார்த்து, இடுக்குகளில் பசையடைத்து, கண்ணாடியைப் பொருத்தினார் கதவுக்காரர். ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். தண்ணீரில் இலை போவது போல நகர்ந்தது.

"இனிமே நீங்க திறக்கிறது உங்களுக்கே கேக்காதும்மா."

பழைய கதவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர்கள் இருவரும் மாறி மாறித் திறந்து மூடிப் பார்த்தார்கள். திறந்தார்கள், ஒன்றும் வரவில்லை. மூடினார்கள், ஒன்றும் வரவில்லை. கணவன் மதிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

மறுநாள் காலை, கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து அவன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டான். நல்ல சத்தம். வலியோடு நெற்றியைத் தடவியபடி அவனும், அடுப்படியிலிருந்து ஓடிவந்த அவளும், சொல்லிவைத்தாற்போல மதிலைப் பார்த்தார்கள்.

ஒன்றும் இல்லை.

"இதுக்குக்கூட தட்டலையே" என்றான். ஜெயித்தவனின் குரலாக அது இல்லை.

அதன்பின் வந்த நாட்களில் அவள் முற்றத்தில் அதிக நேரம் நின்றாள். கேட்ட அமைதி கிடைத்திருந்தது. ஆனால் காது அதில் தங்கவில்லை. மதில் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. கோபம் தீர்ந்துவிட்டதா அவருக்கு? அப்படியென்றால் ஒரு வாளி விழுந்தால், தெருவில் லாரி போனால் தட்டவேண்டாமா? கணவன் கத்தியதற்கு ஒருமுறை தட்டியதை விட்டால், கதவைத் தவிர எதற்கும் அவர் தட்டியதில்லையே. கதவுக்காரரின் சுத்தியலுக்குத் தட்டினார். அதுவும் கதவின் இடத்திலிருந்து வந்த சத்தம்தான். அப்படி என்ன அந்தக் கதவின் மேல் அவருக்கு?

"போனது போச்சு, விடு" என்றான் கணவன். ஆனால் அவனும் பல் துலக்கும்போது மதில் பக்கமாகத்தான் திரும்பி நின்றான்.

ஒருநாள் பரிசோதனை மையத்துக்கு ஒரு தச்சர் வந்தார். கட்டைவிரலில் பெரிய கட்டு. அவரைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, தினமும் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னாள்.

"சத்தம் கேட்டா இந்தப் பொத்தானை அழுத்துங்க. ரொம்ப லேசா கேட்டாலும் அழுத்துங்க. உங்களுக்குக் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"விரல்ல அடிபட்டிருக்கு, அழுத்த முடியாதேம்மா. தட்டட்டுமா?"

"சரி. கேட்டா மேசையில தட்டுங்க."

ஓசையை விட்டாள். அவர் தட்டினார். கொஞ்சம் குறைத்து விட்டாள். தட்டினார். இன்னும் குறைத்தாள். தட்டினார்.

அவள் விரல் திருகில் நின்றுவிட்டது.

கேட்டுச்சுன்னு தெரியணும், அவ்வளவுதான். எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

தச்சர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். "என்னம்மா, மெஷின் நின்னுபோச்சா, இல்ல என் காதா?"

வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனையில் திரும்பி அடுத்த தெருவுக்குள் நுழைந்தாள். சுற்றிக்கொண்டு போக அதிக நேரம் ஆகவில்லை என்பதே அவளைக் குத்தியது. வீடுகளின் முகங்கள் எல்லாம் புதிதாக இருந்தன. முதுகை மட்டும் பார்த்துப் பழகியவள் எந்த வீடென்று எப்படிக் கண்டுபிடிப்பது? அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். விரிசல் விட்ட மூடியோடு நீலத்தொட்டி தெரிந்தது.

கதவைத் தட்டினாள்.

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் திறந்தாள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும்; ஒரு காலில் இன்னும் செருப்பு இருந்தது.

"யாரு?"

"நான்... பின்னாடி வீடு. உங்க மதிலுக்கு அந்தப் பக்கம்."

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று மாறியது. "கதவு வீடா?"

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. இங்கேயும் பெயர் வைத்திருக்கிறார்கள். "ஆமா. கதவு வீடு."

"ஐயோ, உள்ள வாங்க! வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? யாருக்கும் ஒண்ணும் இல்லையே? நானே வந்து பாக்கணும்னு இருந்தேன். எனக்கும் வேலைக்குப் போய்ட்டு வந்தா இருட்டிடுது."

"எங்களுக்கு என்ன? ஒண்ணும் இல்லையே."

"உங்க கதவுச் சத்தமே கேக்கலைன்னு எங்க அண்ணன் சாப்பிட மாட்டேங்கறாரு."

தங்கைக்காரி நடந்துகொண்டே சொன்னாள். அண்ணன் பேருந்து நடத்துநர். நின்றபடியே ஊரைச் சுற்றிய மனிதர். ஒருநாள் வண்டியிலேயே சுருண்டு விழுந்தார். பக்கவாதம். பேச்சு போயிற்று. ஒரு பக்கம் விளங்கவில்லை. மிச்சமிருந்த கையும் வெறும் பாரமாகத்தான் கிடந்தது. "கைக்கு ஏதாவது வேலை வேணும், அவரா விரும்பிச் செய்யணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நானும் பந்து குடுத்துப் பார்த்தேன், துணி மடிக்கக் குடுத்தேன். தூக்கி எறியக்கூட மாட்டாரு. அப்புறம் ஒருநாள் காலையில உங்க கதவு கத்திச்சு. இவர் தட்டினாரு. நான் கரண்டியைக் கீழ போட்டுட்டேன்."

"எதுக்குத் தட்டினார்?"

"வண்டியில தட்டுவாங்கள்ல? ஒரு தட்டு தட்டினா நில்லு. ரெண்டு தட்டினா கிளம்பு. உங்க கதவு திறந்தா வண்டிக்கதவு மாதிரி இருக்கும்போல. நீங்க வெளிய வந்தா இவரு ரெண்டு தட்டு தட்டி உங்களை அனுப்பி வைப்பாரு. நான் காலையில போனா பொழுது சாஞ்சுதான் வருவேன். பகல் முழுக்க இவருக்கு அதுதான் ஊர்ப்பயணம்."

ஜன்னலை ஒட்டிக் கட்டில். அவள் நினைத்திருந்ததைவிட இளையவர். தலைமுடி பெரும்பாலும் கறுப்பு. முகத்தின் ஒரு பாதி தளர்ந்து, சுவர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் கண் கைத்தடியைத் தேடியது, சுத்தியலைத் தேடியது. எதுவும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மர அலமாரி நின்றது. காலி. அதன் பக்கப்பலகையில் ஓரிடத்தில் மட்டும் வண்ணம் போய் மரம் தெரிந்தது.

"எதால தட்டுவாரு?"

"கையாலதான். வேற எதால?"

விரல் முட்டிகள் காய்த்துப் போயிருந்தன.

"ஒரு சாயங்காலம் உங்க வீட்டுக்காரரு திறந்து மூடித் திறந்து மூடி விளையாட்டுக் காட்டினாரே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நான் வரும்போதும் அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு, இவர் முகமெல்லாம் வேர்வை. ஒரே சிரிப்பு. விழுந்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சாரு."

அவள் கட்டிலின் அருகே குனிந்தாள். "நாங்க எங்கேயும் போகல. கதவை மாத்திட்டோம். புதுக்கதவு சத்தம் போடாது. அதான் உங்களுக்குக் கேக்கல."

அந்த முகம் மெல்ல இவள் பக்கம் திரும்பியது.

"அட, அவ்வளவுதானா!" தங்கைக்காரி நெஞ்சில் கை வைத்தாள். "நாங்க என்னென்னமோ நினைச்சுட்டோம். பழசு ரொம்ப மோசமாயிடுச்சோ?"

"ஆமா" என்றாள் அவள். "மோசமாயிடுச்சு."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணவனிடம் சொன்னாள். அவன் காலணியின் ஒரு முடிச்சை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த காலுக்குப் போகவே இல்லை.

"அப்போ நான் அன்னைக்கு வேணும்னே இழுத்து இழுத்து மூடினது..."

"அன்னைக்குத்தான் சிரிச்சாராம்."

அவன் எழுந்து புதுக்கதவை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தான். பிறகு, "இதுல ஒரு மணி கட்டிடலாமா?" என்றான். "திறந்தா அடிக்கிற மாதிரி."

"கட்டுங்க. ஆனா மணிச் சத்தத்தை மட்டும் அனுப்பிட்டு நாம இங்கேயே உக்காந்துடக் கூடாது."

அவிழ்த்த முடிச்சை அவன் மறுபடி கட்டினான்.

பின்வீட்டில் தங்கைக்காரி இரண்டு நாற்காலிகளைக் கட்டிலருகே இழுத்துப்போட்டாள். கணவனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் எதிரில் டொக்டொக்கார் என்ற பெயர் நினைவுக்கு வந்து அவனைக் கூசவைத்தது.

"நான் கார் ஓட்டச் சொல்லித் தர்றவன் சார்" என்று ஒருவழியாக ஆரம்பித்தான். "நில்லு, கிளம்பு. நாள் பூரா நானும் இதையேதான் சொல்றேன். ஒருத்தனும் கேக்க மாட்டான்."

தளராத பாதி உதடு லேசாக அசைந்தது. அவன் காரில் நடந்த கூத்துகளைச் சொன்னான். எதிரே வந்த மாட்டுக்கு வணக்கம் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட மாணவனைச் சொன்னான். தங்கைக்காரி சிரித்தாள். பிறகு பேச்சு தீர்ந்தது. அவன் எழுந்தான்.

"சரி சார், நீங்க ஓய்வெடுங்க. நாங்க கிளம்பறோம்."

கட்டிலில் கிடந்த கை அசைந்தது. இழுத்து இழுத்து அலமாரிப் பக்கம் போயிற்று. நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கைக்குரியவர் உட்பட.

டொக்.

அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை.

கணவன் உட்கார்ந்தான்.

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தங்கைக்காரியைப் பார்த்துச் சொன்னாள். "கதவு பழசாச்சுன்னு மாத்தலீங்க. நான் சொன்னது பொய். அண்ணன் எங்களைத் திட்டறாருன்னு நினைச்சோம். அவர் தட்டறதை நிறுத்தணும்னுதான் மாத்தினோம். கேட்டுச்சுன்னா தட்டுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான். எனக்கே தோணல."

தங்கைக்காரி அண்ணனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு தெரு சுத்தி வந்து என்ன ஏதுன்னு கேக்கச் சோம்பல்பட்டு, இருந்த கதவைப் பேர்த்துப் போட்டோம்" என்றாள் அவள். "பக்கத்துல இருக்கறவங்க என்ன சொல்றாங்கன்னு புரியலைன்னா, நாமளே ஒரு அர்த்தம் கட்டிக்கிட்டு சண்டைக்கு நிக்கக் கூடாது. எழுந்து வந்து அவங்க வாசலைத் தட்டிக் கேக்கணும். முதல் நாளே தட்டியிருக்கணும்."